திணிப்பும் படிப்பும்



ஆங்கிலத்தில் 'க்ராம்' என்றொரு வினைச்சொல் உண்டு. கடையில் நிறுக்கும் கிராமோடு இதனை மயக்கிக்கொள்ள வேண்டா. அது வேறு, இது வேறு. கொள்ளும் அளவுக்கு மேல் ஒன்றை அழுத்தித் திணித்தல் என்பதே இச்சொல்லின் பொருள். நாற்பது பேர் செல்லும் பேருந்தில் எண்பது பேரை ஏற்றினால் அதற்கு இச்சொல்லை வழங்குவர். பெட்டி மூடாத அளவுக்குத் துணியை அடைத்தாலும் இச்சொல்லே. தேர்வுக்கு முந்தைய இரவில் ஓராண்டுப் பாடத்தை ஒரே மூச்சில் தலைக்குள் ஏற்றினாலும் இதே சொல்தான். இம்மூன்றாவது பொருள் நம் நாட்டின் கல்வி வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. அவ்வரலாற்றைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். இது மிகப் பழைய ஆங்கிலச் சொல். அழுத்தி உட்செலுத்துதல் என்பதே அன்றும் அதன் பொருள். இங்கிலாந்தில் கோழி வளர்ப்போர், பறவையை விரைவில் கொழுக்க வைப்பதற்காக, மாவை உருட்டி அதன் தொண்டைக்குள் வலிந்து செலுத்துவர். அச்செயலுக்கும் இச்சொல்லையே வழங்கினர். கோழிக்குப் பசி உண்டா, இல்லையா என்று கேட்பவர் இல்லை. நிறுவையில் எடை ஏறினால் போதும். பின்னர் இச்சொல் அடுப்பங்கரையிலிருந்து படிப்பறைக்கு ஏறியது. 1741-ஆம் ஆண்டில் ஐசக் வாட்ஸ் என்னும் அறிஞர் உள்ளத்தைப் பண்படுத்துவது பற்றி ஒரு நூல் எழுதினார். நாள் முழுதும் உண்டும் செரிமானம் இல்லாதவன் உடல் தேறமாட்டான். அதுபோலவே ஓயாமல் படித்து அறிவை அடைத்துக்கொள்வோனும் பயன் பெறான் என்னும் கருத்தை அதில் அவர் கூறினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்கலைக்கழக மாணாக்கர் இச்சொல்லைத் தேர்வுக்கு உரிய பேச்சுச் சொல்லாக ஆக்கிக்கொண்டனர். பணம் பெற்றுக்கொண்டு மாணாக்கரைத் தேர்வுக்கு இவ்வாறு ஆயத்தம் செய்யும் ஆசிரியருக்கும் இதிலிருந்தே ஒரு பெயர் பிறந்தது. தமிழில் அவரைத் 'திணிப்பாசிரியர்' எனலாம்.

தமிழ் மாணாக்கரும் சொல்வளத்தில் குறைந்தவரல்லர். 'உருப்போடுதல்', 'நெட்டுருப் பண்ணுதல்' என்பன பழைய வழக்குகள். 'கடம் அடித்தல்' என்பது விடுதி மாணாக்கர் வழக்கு. உருப்போட்டதைத் தேர்வுத் தாளில் அப்படியே இறக்குவதை 'வாந்தியெடுத்தல்' என்றுகூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு அருவருப்பான சொல்தான். ஆயினும் வாட்ஸ் சொன்ன செரிமான உவமையை அவரைப் படித்திராத நம் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொண்டார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வுண்மையை நம் முன்னோர் மிக முன்னரே கண்டனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் ஆசிரியர் இலக்கணமும் மாணாக்கர் இலக்கணமும் கூறப்பட்டுள்ளன. ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு அவர் கூறும் உவமைகளுள் ஒன்று பருத்திக் குண்டிகை. குண்டிகை என்பது குறுகிய வாயுடைய கலம். அதனுள் பஞ்சைச் சிறிது சிறிதாக அழுத்தித்தான் அடைக்க முடியும். வெளியே எடுக்கும்போதும் பிய்த்துப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே போவதும் வருத்தம், வெளியே வருவதும் வருத்தம். மற்றோர் உவமை கழற்குடம். குடத்தில் கழற்காய்களை எந்த முறையில் இட்டாலும், கவிழ்க்கும்போது முறை மாறி உருண்டு விழும். அடைத்த அறிவுக்கு இவற்றைவிடப் பொருத்தமான உவமைகளை நான் கண்டதில்லை. மாணாக்கருள் சொல்லிக் கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்வோனை அவர் கிளிக்கு ஒப்பிட்டு, இடைத்தர மாணாக்கருள் வைத்தார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தையும், கிடைத்த புல்லை மேய்ந்து பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவையும் தலைமாணாக்கர்க்கு உவமையாக்கினார். அசைபோடுதல் என்பதே திணித்தலுக்கு மாற்று மருந்து.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் மனப்பாடந்தானே? ஆத்திசூடியும் எண்சுவடியும் நிகண்டும் ஓலை பிடித்து முறை சொல்லித்தானே படித்தார்கள்? ஆம், உண்மைதான். அச்சுப் புத்தகம் அரிதாக இருந்த காலத்தில் நினைவே நூலகம். அங்கே மூத்த மாணாக்கன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். சொல்லிக் கொடுக்கும்போது அவனுக்கே பாடம் தெளிவாகும். சென்னையில் அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இம்முறையை இந்நாட்டுப் பள்ளிகளில் கண்டு கையாண்டு, 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்ற பெயராலேயே இங்கிலாந்தில் பரவியது. மனனம் செய்வது குற்றமன்று. வாய்பாடு தெரியாதவன் கணக்குச் செய்ய இயலாது. செய்யுள் நெஞ்சில் இல்லாதவனுக்கு அதன் இன்பம் தனிமையில் துணை வாராது. நாள்தோறும் சிறிதாகக் கற்று, சொல்லிப் பார்த்து, வாழ்நாள் முழுதும் வைத்துக்கொள்வது மனனம். ஒரு நாளுக்காக அடைத்து, மறுநாள் கொட்டிவிடுவது திணிப்பு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

இனி, திணிப்பு நம் நாட்டில் வேரூன்றிய வரலாற்றுக்கு வருவோம். 1854-இல் சர் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையை ஒட்டி, 1857-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட இவை தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கின. கற்பித்தல் ஓரிடம், சோதித்தல் மற்றோரிடம். ஆகவே, கற்பிப்பவர் சோதிப்பவரின் மனத்தை ஊகித்துப் பாடம் நடத்தத் தொடங்கினார். அரசாங்க வேலைக்குத் தேர்ச்சியே வாயிற்கதவாயிற்று. கதவைத் திறக்கும் சாவியைத் தேடியவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

அதே காலத்தில் இங்கிலாந்திலும் இந்நோய் பரவிக்கொண்டிருந்தது. 1855-இல் இந்தியச் சிவில் உத்தியோகத்துக்கு முதன்முதலாகப் போட்டித் தேர்வு வைத்தனர். உடனே இலண்டனில் திணிப்பாசிரியர்கள் பெருகினர். 1862-இல் இராபர்ட் லோ என்பவரின் திட்டப்படி 'பயனுக்கேற்ற பணம்' என்னும் முறை ஆங்கிலத் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. மேற்பார்வையாளர் வருவார், படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று மானியம் கிடைக்கும். விளைவு என்ன? ஆண்டு முழுதும் ஒரே வாசகத்தை ஓதி ஓதி, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் தவறின்றிப் 'படித்த' பிள்ளைகளைப் பற்றிக் கதைகள் வழங்கின. தாமும் பள்ளி மேற்பார்வையாளராக இருந்த கவிஞர் மாத்யூ அர்னால்டு இம்முறையை வன்மையாகக் கண்டித்தார்.

இம்முறை கடல் கடந்து சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திண்ணைப் பள்ளியின் ஏழை வாத்தியார் கூடத் தம் வயிற்றுப் பிழைப்புக்கு மேற்பார்வையாளர் வரும் நாளை எதிர்நோக்க வேண்டியவரானார். பிள்ளை தவறினால் வாத்தியார் வீட்டில் உலை குறையும். இத்தகைய நிலையில் எந்த ஆசிரியர் அசைபோடப் பொழுது தருவார்? கோழிப் பண்ணையின் நிறுவை வகுப்பறைக்குள் வந்துவிட்டது. 1902-இல் கர்சன் பிரபு அமைத்த பல்கலைக்கழகக் குழு, கற்பித்தலுக்குத் தேர்வு கட்டுப்படாமல், தேர்வுக்குக் கற்பித்தல் கட்டுப்பட்டுக் கிடப்பதே பெருந்தீங்கு என்று எடுத்துக்காட்டியது. 1904-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானம் பயனுக்கேற்ற பணம் என்னும் முறையைத் தள்ளியது. மாகாணத்தில் பழைய மெட்ரிகுலேஷன் தேர்வுக்கு மாற்றாக எஸ்.எஸ்.எல்.சி. வந்தபோது, மாணவனின் பள்ளி வேலையும் பதிவேட்டில் இடம் பெற்றது. ஒரு நாள் தேர்வு ஒருவனின் தலையெழுத்து ஆகிவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம். நோக்கம் நன்று, பழக்கம் வலியது. பதிவேடு வந்த பின்னும் 'நோட்ஸ்' விற்பனை குறையவில்லை.

1918-இல் இரவீந்திரநாத் தாகூர் வங்காளியில் ஒரு சிறு கதை எழுதினார். அரசன் ஒருவன் ஒரு கிளிக்குக் கல்வி தர ஆணையிடுகிறான். பொற்கூண்டு செய்கிறார்கள், பண்டிதர் கூடுகிறார்கள், சுவடிகளைப் படியெடுத்துக் குவிக்கிறார்கள், ஏட்டைக் கிழித்துக் கிளியின் அலகுக்குள் திணிக்கிறார்கள். எல்லோரும் செழிக்கிறார்கள். கிளி மட்டும் இறந்துபோகிறது. அரசன் அதனைத் தொட்டுப் பார்க்கும்போது உள்ளிருக்கும் காகிதம் சலசலக்கிறது. கதை நகைச்சுவை போலத் தொடங்குகிறது. முடிவில் நகைக்க இயலவில்லை.

ஆனால் புத்தகத்தின் மேல் மட்டும் பழி போடுவது முறையாகாது. அதற்கு நம் கும்பகோணத்திலேயே ஒரு சான்று உண்டு. இலண்டனில் ஜி. எஸ். கார் என்னும் தனிப்பாட ஆசிரியர் இருந்தார். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்கு மாணாக்கரை ஆயத்தம் செய்வது அவர் தொழில். அத்தொழிலுக்காக அவர் கணித முடிவுகள் சுமார் 5,000-ஐ வரிசையாகத் தொகுத்து வெளியிட்டார். அதன் முதற்பகுதி 1880-இல் வந்தது. பெரும்பாலும் வெறும் முடிவுகள். நிறுவல்கள் மிகக் குறைவு. தேர்வுக்கு முன் புரட்டிப் பார்ப்பதற்கு ஏற்ற நூல். அது 1903-ஆம் ஆண்டளவில் கும்பகோணத்தில் ஏறத்தாழப் பதினாறு வயது மாணவன் ஒருவன் கைக்குக் கிடைத்தது. அவன் அதை உருப்போடவில்லை. ஒவ்வொரு முடிவும் எப்படி வந்தது என்று தானே கண்டறியப் புகுந்தான். சிலேட்டில் எழுதினான், அழித்தான், மீண்டும் எழுதினான். அம்மாணவன்தான் சீனிவாச இராமானுஜன். திணிப்புக்காக எழுதிய நூல் அவனுக்குத் திறவுகோலாயிற்று.

அதே இராமானுஜன் கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் கணிதம் அல்லாத பாடங்களில் தவறினார். மீண்டும் எழுதி மீண்டும் தவறினார். பட்டமின்றியே 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இதிலிருந்து, தேர்வில் தவறினால் மேதையாகலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. தேர்வு அளப்பது ஒன்று, மனிதனிடம் இருப்பது மற்றொன்று. இரண்டும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை. அவ்வளவே இதன் பாடம்.

விடுதலைக்குப் பின்னரும் சுமை குறையவில்லை. சென்னையில் பிறந்த நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-இல் தம் பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பை. பிள்ளைகள் மூட்டை தூக்கிக் கூன் விழுந்து நடப்பதை அவர் அவையின் முன் வைத்தார். அதன் பின்னர் அறிவியலறிஞர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்து, 1993-இல் 'சுமையில்லாக் கற்றல்' என்னும் அறிக்கையை அளித்தது. பையின் எடையைவிடக் கொடியது, புரியாமல் சுமக்கும் பாடத்தின் எடை என்பது அதன் முடிபு. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் நெட்டுருவிலிருந்து கற்றலை மீட்பதைத் தன் நெறிகளுள் ஒன்றாகக் கொண்டது. ஆயினும் இன்று நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்கள் விடியற்காலையிலேயே விளக்கேற்றுகின்றன. தேர்வு முடிவு வரும் நாளில், வாழவேண்டிய பிள்ளை உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியையும் நாளிதழில் காண்கிறோம். ஆகையால் ஒரு சொல்லின் வரலாறு என்று இதனை எளிதாகத் தள்ளிவிட இயலவில்லை.

நான் வாழும் நெல்லிக்குப்பம், பெண்ணையும் கெடிலமும் வளப்படுத்தும் கரும்பு நாடு. பாரி நிறுவனத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை நடத்திய ஊர். அரைவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கும். ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். உருளைகளுக்கு இடையே கரும்பை அளவறிந்து விட வேண்டும். ஒரேயடியாகத் திணித்தால் உருளை சிக்கி நின்றுவிடும். சாறும் வாராது, கரும்பும் வீணாகும். வண்டிக்கும் இதே நீதிதான். மயிற்பீலிதானே என்று அளவின்றி ஏற்றினால் அதற்கும் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எச்சரித்திருக்கிறார். பீலிக்கே அப்படியானால், ஆறு பாடங்களின் சுமைக்கு என்ன சொல்வது?

எங்கள் ஊருக்குச் சற்றுத் தொலைவில் நெய்வேலி இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு அங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது, பழுப்பு நிலக்கரி பற்றிய பாடத்தை ஒரு மாணவன் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். அவன் தந்தையார் சுரங்கத்தில் நீர் இறைக்கும் பகுதியில் வேலை செய்பவர் என்பது எனக்குத் தெரியும்.

"நன்றாகச் சொன்னாய், தம்பி. அங்கே இரவும் பகலும் நீரை இறைக்கிறார்களே, எதற்காக?" என்று கேட்டேன்.

"அது பாடத்தில் இல்லை, ஐயா" என்றான்.

"பாடத்தில் இல்லைதான். வீட்டில் இருக்கிறதே! அப்பாவைக் கேட்டுக்கொண்டு வா" என்றேன்.

மறுநாள் அவன் கரும்பலகை முழுவதும் ஒரு படம் வரைந்தான். மேலே மண், நடுவே நிலக்கரி, அதன் கீழே அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் ஊற்று நீர். அந்நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காமல் தோண்டினால், நீர் அடித்தளத்தையே பெயர்த்துக்கொண்டு மேலே பொங்கிவிடும் என்று விளக்கினான். முதல் நாள் அவன் குரலில் வேகம் இருந்தது. மறுநாள் அக்குரலில் பெருமிதம் இருந்தது. வகுப்பில் கேள்விகள் எழுந்தன. மணி அடித்தும் பிள்ளைகள் எழவில்லை. தந்தையின் தொழில் கல்வியாக மாறியதை அவர்கள் அன்று கண்டார்கள்.

மாணவ நண்பர்களே! நீங்கள் தேர்வை ஒழித்துவிட முடியாது. நானும் ஒழிக்கச் சொல்லவில்லை. திணிப்பை ஒழிக்கும் வழி மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே பல்லாண்டு மனனம் செய்து பார்த்து, 1885-இல் தம் ஆய்வை வெளியிட்டார். கற்றது முதல் நாளிலேயே பெரும்பகுதி மறந்துபோகிறது. ஒரே அமர்வில் பல முறை ஓதுவதைவிட, அதே முயற்சியைச் சில நாட்களுக்குப் பங்கிட்டால் நினைவு நீடிக்கிறது என்று அவர் கண்டார். அதன் பின் வந்த ஆய்வுகளும் அதனை உறுதிப்படுத்தின. ஆகவே மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: அன்று கேட்ட பாடத்தை அன்று மாலையே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உங்கள் சொந்தச் சொற்களில் பத்து வரி எழுதிப் பாருங்கள். எழுத வாராத இடமே நீங்கள் மீண்டும் படிக்க வேண்டிய இடம். இரண்டு: மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை அதே பாடத்தைத் திரும்பப் பாருங்கள். மூன்று: கற்றதைத் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிக் கொடுங்கள். திண்ணைப் பள்ளியின் பழைய செல்வம் அது. வீட்டில் கற்பிக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு, பணம் கொடுத்துப் பயிற்சி மையம் செல்ல இயலாத பிள்ளைக்கு, இம்மூன்றும் செலவில்லாத துணைகள்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியிலிருந்து வந்த பிள்ளையிடம் "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதற்கு முன், "இன்று என்ன கேள்வி கேட்டாய்?" என்று கேளுங்கள். முன் உண்டது செரித்ததை அறிந்து பின் உண்பவனுக்கு மருந்தே வேண்டா என்பது வள்ளுவர் காட்டிய நெறி. வயிற்றுக்குச் சொன்ன அந்நெறி அறிவுக்கும் பொருந்தும். அளவறிந்து கற்பீர்களாக, கற்றதை அசைபோடுவீர்களாக, கற்ற கல்வி தேர்வு முடிந்த மறுநாளும் உங்களோடு இருப்பதாக.